தூண்டல் கட்டுப்பாடும் சமானக் கற்றலும்: ஒரு வரலாறு

ஓர் உயிர் குறிப்பிட்ட ஒரு தூண்டலின் முன்னிலையில் ஒரு வகையாகவும், அது இல்லாதபோது வேறு வகையாகவும் நடந்துகொண்டால், அந்த நடத்தை அத்தூண்டலின் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நடத்தைப் பகுப்பாய்வு கூறுகிறது. இதுவே தூண்டல் கட்டுப்பாடு எனப்படுகிறது. ஒன்றோடொன்று எவ்வித ஒற்றுமையும் இல்லாத தூண்டல்கள், எடுத்துக்காட்டாக ஒரு சொல்லின் ஒலி, ஒரு படம், ஓர் எழுத்துவரிசை ஆகியவை, கற்பவரின் நடத்தையில் ஒன்றுக்கு ஒன்று ஈடாக நிற்கத் தொடங்குவது சமானக் கற்றல் ஆகும். இதன் சிறப்பு, சில தொடர்புகளை மட்டும் கற்பித்தால் கற்பிக்காத வேறு சில தொடர்புகளும் தாமாகவே தோன்றுவதாகும்.

இந்த ஆய்வுத்துறை ஆய்வுக்கூடத்து எலிகளிடமிருந்தும் புறாக்களிடமிருந்தும் தொடங்கி, படிக்கவே முடியாது என்று முடிவு கட்டப்பட்ட ஒரு சிறுவன் படித்த நாளில் புதிய திசையில் திரும்பியது. அமெரிக்க உளவியலாளர் மர்ரே சிட்மன் 1971-இல் வெளியிட்ட அந்த ஆய்வையும், அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சரியான விடை, தவறான காரணம்

தூண்டல் கட்டுப்பாடு என்ற கருத்தின் தேவையை உணர்த்தும் பழைய நிகழ்ச்சி ஒன்று ஜெர்மனியில் நடந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லின் நகரில் வில்லெம் ஃபான் ஓஸ்டென் என்ற ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஹான்ஸ் என்னும் குதிரையை வளர்த்து வந்தார். கூட்டல், கழித்தல், பின்னம் முதலிய கணக்குகளைக் கேட்டால் அக்குதிரை விடைக்குரிய எண்ணிக்கையில் குளம்பால் தரையைத் தட்டும். 1904-இல் உளவியலாளர் கார்ல் ஸ்டும்ஃப் தலைமையில் அமைந்த குழு, இதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை என்று கூறியது.

ஸ்டும்ஃபின் மாணவரான ஆஸ்கர் ஃபங்ஸ்ட் தொடர்ந்து ஆராய்ந்து 1907-இல் உண்மையை வெளியிட்டார். கேள்வி கேட்பவருக்கே விடை தெரியாதபோதும், கேட்பவரைக் குதிரை பார்க்க முடியாதபோதும் விடைகள் தவறின. எண்ணிக்கை சரியான இடத்தை எட்டியதும், கேட்பவர் தம்மை அறியாமலேயே தலையை மிகச் சிறிதளவு நிமிர்த்தினார். அந்த அசைவைக் கண்டே குதிரை தட்டுவதை நிறுத்தியது. ஆசிரியர் கேள்வியைக் கற்பித்ததாக நம்பினார். குதிரை ஆசிரியரின் தலையசைவைக் கற்றிருந்தது.

ஒருவர் சரியான விடை தருகிறார் என்பதால் மட்டும், நாம் நினைக்கும் பொருளே அவ்விடையைத் தூண்டியது என்று கொள்ள முடியாது. எது தூண்டியது என்பதைத் தனியே சோதித்தறிய வேண்டும். பாடப்புத்தகத்தின் படத்தைப் பார்த்து, அதன் கீழுள்ள வரியை மனப்பாடமாக ஒப்பிக்கும் குழந்தையைக் கண்ட எவருக்கும் இது எளிதில் விளங்கும். குழந்தையின் வாய் சொல்வது சரி. ஆனால் அதன் கண் எழுத்தின் மேல் இல்லை.

புறாக்கள் கற்றுத்தந்தவை

அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1938-இல் வெளியிட்ட 'உயிரிகளின் நடத்தை' என்ற நூல் செயல்படு ஆக்கநிலையுறுத்தலை விளக்கியது. எலி நெம்புகோலை அழுத்துகிறது, உணவு கிடைக்கிறது, அழுத்தும் செயல் வலுப்பெறுகிறது. விளக்கு எரியும்போது மட்டுமே உணவு கிடைக்கும் என்று அமைத்தால், எலி காலப்போக்கில் விளக்கு எரியும்போது மட்டும் அழுத்துகிறது. சூழலில் உள்ள தூண்டல், உயிரியின் துலங்கல், அதைத் தொடரும் விளைவு ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த அமைப்பே தூண்டல் கட்டுப்பாட்டு ஆய்வின் அடிப்படை அலகாயிற்று.

1956-இல் நார்மன் கட்மன், ஹாரி காலிஷ் ஆகிய இருவரும் புறாக்களை ஒரு குறிப்பிட்ட நிற ஒளி விழும் பொத்தானைக் கொத்தப் பழக்கினர். பின்னர் வேறு நிறங்களைக் காட்டிச் சோதித்தனர். பழகிய நிறத்தில் கொத்துதல் உச்சத்தில் இருந்தது. நிறம் விலக விலக அது இரு பக்கமும் சீராகக் குறைந்தது. ஒரு தூண்டலுக்குக் கற்பித்தது அதைப் போன்ற பிறவற்றுக்கும் பரவுகிறது என்பதையும், அப்பரவலை அளந்து வரைபடமாக்க முடியும் என்பதையும் இது காட்டியது.

1961-இல் ஜார்ஜ் ரெனால்ட்ஸ் வெளியிட்ட ஆய்வு சிறியது. ஆயினும் ஆசிரியர்கள் மறக்கக்கூடாதது. சிவப்புப் பின்னணியில் வெள்ளை முக்கோணம் தெரியும்போது கொத்தினால் 2 புறாக்களுக்கு உணவு தரப்பட்டது. பச்சைப் பின்னணியில் வெள்ளை வட்டம் தெரியும்போது தரப்படவில்லை. இரண்டும் நன்றாகக் கற்றுக்கொண்டன. பிறகு நிறத்தையும் வடிவத்தையும் தனித்தனியே காட்டியபோது, ஒரு புறா சிவப்பு நிறத்தை மட்டுமே கொத்தியது. மற்றது முக்கோணத்தை மட்டுமே கொத்தியது. ஒரே பயிற்சி, ஒரே தேர்ச்சி. ஆனால் இரண்டும் கற்றது வேறு வேறு.

1963-இல் ஹெர்பர்ட் டெரஸ், தவறுகள் இன்றியே வேறுபடுத்தக் கற்பிக்க முடியும் என்று காட்டினார். சிவப்பைக் கொத்தவும் பச்சையைக் கொத்தாமல் விடவும் புறாக்களைப் பழக்கும்போது, பச்சையை முதலில் மிக மங்கலாகவும் மிகக் குறுகிய நேரத்துக்கும் காட்டி, படிப்படியாக முழு அளவுக்குக் கொண்டுவந்தார். இம்முறையில் கற்ற புறாக்கள் ஏறக்குறையத் தவறே செய்யவில்லை. வழக்கமான முறையில் தவறு செய்து கற்ற புறாக்கள், உணவு தராத நிறத்தைக் கண்டதும் சிறகடித்தல் போன்ற கலக்கத்தைக் காட்டின. தவறின்றிக் கற்றவை அவ்வாறு செய்யவில்லை. கற்பதற்குத் தவறும் துன்பமும் கட்டாயம் தேவை என்ற நெடுநாள் நம்பிக்கை இதனால் கேள்விக்குள்ளானது.

மர்ரே சிட்மன்

மர்ரே சிட்மன் 1923-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1952-இல் முனைவர் பட்டம் பெற்றார். வால்டர் ரீட் இராணுவ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியபோது, விலங்குகள் தீங்கைத் தவிர்க்கக் கற்கும் விதத்தை ஆராய்ந்து புகழ்பெற்றார். ஆய்வு முறைகளைப் பற்றி 1960-இல் அவர் எழுதிய 'அறிவியல் ஆராய்ச்சியின் உத்திகள்' என்ற நூல் இன்றும் படிக்கப்படுகிறது. பெருங்கூட்டத்தின் சராசரியைக் காட்டிலும் ஒவ்வொரு தனி உயிரியின் நடத்தையையும் நுணுகிப் பார்ப்பதே உண்மையை அறியும் வழி என்பது அந்நூலின் அடிப்படைக் கருத்து.

பின்னர் அவர் பாஸ்டனில் உள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு மாறினார். மூளைப் பாதிப்பால் பேச்சை இழந்தவர்களையும், அறிவுசார் குறைபாடு உள்ள குழந்தைகளையும் அங்கு ஆராய்ந்தார். அக்காலத்தில் இத்தகைய குழந்தைகள் பலர் பெரிய காப்பு இல்லங்களில் விடப்பட்டிருந்தனர். உணவும் உறைவிடமும் கிடைத்தன. கல்வி கிடைப்பது அரிது. கற்பிக்க இயலாதவர்கள் என்ற சொல் அன்று அரசு ஆவணங்களிலும் மருத்துவக் குறிப்புகளிலும் தயக்கமின்றிப் பயன்பட்டது.

1967-இல் சிட்மனும் லாரன்ஸ் ஸ்டாடர்டும் இந்தச் சொல்லைச் சோதனைக்கு உட்படுத்தினர். வட்டத்தையும் நீள்வட்டத்தையும் வேறுபடுத்துவதே பாடம். ஒரு குழுவினருக்குப் படிப்படியான முறை பின்பற்றப்பட்டது. முதலில் வட்டம் உள்ள பொத்தான் மட்டும் ஒளிரும்; மற்றவை இருட்டாக இருக்கும். பிறகு மற்ற பொத்தான்களும் மெல்ல மெல்ல ஒளி பெறும். அதன் பின் அவற்றில் நீள்வட்டங்கள் மங்கலாகத் தோன்றி, சிறிது சிறிதாகத் தெளிவடையும். மற்றொரு குழுவினருக்கு இந்தப் படிகள் எவையும் இல்லை. வட்டமும் நீள்வட்டமும் தொடக்கத்திலேயே முழுமையாகக் காட்டப்பட்டன. முதல் குழுவில் பெரும்பாலோர் கற்றனர். இரண்டாம் குழுவில் பெரும்பாலோர் கற்கவில்லை. அவர்கள் சும்மா இருக்கவுமில்லை. குறிப்பிட்ட ஓர் இடத்தில் உள்ள பொத்தானையே அழுத்துவது போன்ற தவறான வழக்கங்களைக் கற்றுக்கொண்டனர்.

இரு குழுவினரும் ஒரே வகைக் குழந்தைகள். வேறுபட்டது கற்பித்த முறை மட்டுமே. முதல் முறை கைக்கொள்ளப்படாமல் இருந்திருந்தால், எல்லாக் குழந்தைகளும் இதைக் கற்க இயலாதவர்கள் என்றே எழுதப்பட்டிருப்பர்.

20 கற்பிக்க 60 விளைந்தது

அடுத்த ஆய்வு வாசிப்பைப் பற்றியது. மாசசூசெட்சில் காப்பு இல்லம் ஒன்றில் வாழ்ந்த 17 வயதுச் சிறுவன் ஒருவன் அதில் பங்கேற்றான். தலை இயல்பைவிடச் சிறுத்திருக்கும் பிறவிக் குறையும், கடுமையான அறிவுசார் குறைபாடும் அவனுக்கு இருந்தன. அவன் முன் 9 சதுரச் சாளரங்கள் கொண்ட பலகை வைக்கப்பட்டது. நடுச் சாளரத்தில் ஒரு மாதிரி தோன்றும், அல்லது ஒலிபெருக்கியில் ஒரு சொல் ஒலிக்கும். சுற்றியுள்ள 8 சாளரங்களில் தோன்றுபவற்றுள் பொருத்தமானதை அவன் அழுத்த வேண்டும். சரியாக அழுத்தினால் மணி ஒலிக்கும், பரிசு கிடைக்கும். இது மாதிரிக்குப் பொருத்துதல் எனப்படும் முறை. இதன் வேர்கள் பழமையானவை. பாரிசில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர் இட்டார்ட், காட்டில் கண்டெடுக்கப்பட்ட விக்டர் என்னும் சிறுவனுக்குப் பொருள்களையும் அவற்றின் வரைபடங்களையும் பொருத்தக் கற்பித்தார்.

சோதனைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை 20 சிறிய ஆங்கிலச் சொற்கள். பூனை, பசு, கார் போன்ற எளிய பொருள்களைக் குறிப்பவை அவை. தொடக்கச் சோதனையில் தெரிந்தவை பின்வருமாறு. சொல்லைக் கேட்டால் அதற்குரிய படத்தைச் சிறுவன் காட்டினான். படத்தைக் காட்டினால் அதன் பெயரைச் சொன்னான். ஆனால் சொல்லைக் கேட்டு அதன் எழுத்துவடிவைக் காட்ட அவனால் முடியவில்லை. எழுத்துவடிவைப் படத்தோடு பொருத்தவும், வாய்விட்டுப் படிக்கவும் தெரியவில்லை. பேச்சும் படமும் அவனிடம் இணைந்திருந்தன. எழுத்து மட்டும் வெளியே நின்றது.

சிட்மன் ஒன்றை மட்டுமே கற்பித்தார். சொல்லைக் கேட்டு, அதன் எழுத்துவடிவைத் தேர்ந்தெடுப்பது. 20 சொற்களுக்கும் இப்பயிற்சி படிப்படியாக அளிக்கப்பட்டது. எழுத்தைப் படத்தோடு சேர்த்துக் காட்டவே இல்லை. வாய்விட்டுப் படிக்கவும் சொல்லித்தரவில்லை.

பயிற்சி முடிந்த பின் நடந்த சோதனையில், படத்தைக் கண்டு அதற்குரிய எழுத்துவடிவைச் சிறுவன் தேர்ந்தெடுத்தான். எழுத்துவடிவைக் கண்டு படத்தைத் தேர்ந்தெடுத்தான். எழுத்துவடிவைப் பார்த்து வாய்விட்டும் படித்தான். ஒரு சில தவிர ஏனையவை சரியாக இருந்தன. கற்பித்தவை 20 தொடர்புகள். கற்பிக்காமல் கிடைத்தவை அவற்றைப் போல் மூன்று மடங்கு, அதாவது ஏறத்தாழ 60. எழுத்தும் படமும் ஒருபோதும் நேருக்கு நேர் சந்திக்கவில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருந்த ஒலி அவற்றை இணைத்தது.

இந்த ஆய்வின் தொடக்க நோக்கம் வேறு. காதால் கேட்டதைக் கண்ணால் கண்டதோடு இணைக்கும் ஆற்றலே வாசிப்புக்கு முன்தேவை என்று அக்கால நரம்பியல் வல்லுநர்கள் கருதினர். அதைச் சோதிக்கவே சிட்மன் முயன்றார். ஆனால் தாமாகத் தோன்றிய தொடர்புகளே அவரது எஞ்சிய வாழ்நாளின் ஆய்வுப் பொருளாயின. ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்கள் அன்று அடைந்த பரபரப்பை, 1994-இல் வெளிவந்த 'சமானத் தொடர்புகளும் நடத்தையும்' என்ற நூலில் அவர் நினைவுகூர்ந்தார்.

1973-இல் சிட்மனும் ஆஸ்போர்ன் கிரெசனும் டவுன் நோய்க்குறி உடைய சிறுவர்களிடம் இதே ஆய்வைச் செய்தனர். இச்சிறுவர்களுக்குச் சொல்லைக் கேட்டுப் படத்தைக் காட்டும் திறனும் முன்பே இல்லை. அதையும் கற்பிக்க வேண்டியிருந்தது. பயிற்சி நீண்டது. எனினும் முடிவு அதுவே. படத்தையும் எழுத்தையும் பொருத்துவது தானாக வந்தது.

இந்த ஆய்வுகள் நடந்த காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் அனைவருக்கும் பொதுக் கல்வி உரிமை என்ற சட்டம் அமெரிக்காவில் 1975-இல்தான் நிறைவேறியது. 10 இலட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிகளுக்கு முற்றிலும் வெளியே நிறுத்தப்பட்டிருந்ததாக அச்சட்டமே குறிப்பிட்டது. கற்பிக்க இயலாது என்ற முடிவு ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதையும் தீர்மானித்த காலம் அது.

கணிதத்திலிருந்து வந்த இலக்கணம்

இரண்டு பொருள்கள் ஈடானவை என்று எப்போது கூறலாம்? 1982-இல் சிட்மனும் வில்லியம் டெய்ல்பியும் இதற்கு விடை தேடிக் கணிதத்தை நாடினர். மேல்நிலை வகுப்புக் கணிதத்தில் சமானத் தொடர்புக்குரிய மூன்று பண்புகள் கூறப்படுகின்றன. அவற்றையே நடத்தைக்கான சோதனைகளாக அவர்கள் மாற்றினர்.

முதலாவது தற்சுட்டு. அ என்பதைக் காட்டினால், கற்பிக்காமலேயே கற்பவர் அ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டாவது சமச்சீர். அ காட்டினால் ஆ என்பதைத் தேர்ந்தெடுக்கக் கற்றவர், ஆ காட்டினால் அ என்பதைத் தானாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றாவது கடப்பு. அ காட்டினால் ஆ, ஆ காட்டினால் இ என்று கற்றவர், அ காட்டினால் இ என்பதைத் தானாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். மூன்றும் நிறைவேறினால் மட்டுமே அத்தூண்டல்கள் ஒரு சமானத் தொகுதியாக அமைந்தன எனலாம். இல்லையேல், 'இது வந்தால் அதை அழுத்து' என்ற விதி மட்டுமே கற்கப்பட்டது என்று கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாடு முக்கியமானது. 'பசு' என்ற எழுத்தைக் கண்டு பசுவின் படத்தைக் காட்டும் குழந்தை, படத்தைக் கண்டு எழுத்தைக் காட்டவில்லை என்றால், அச்சொல்லின் பொருள் அதற்கு விளங்கியது என்று கூற இயலாது.

இளம் பள்ளிக் குழந்தைகள் 8 பேரிடம், அவர்கள் முன்பு அறிந்திராத கிரேக்க எழுத்துகளைக் கொண்டு இச்சோதனை நடத்தப்பட்டது. ஒவ்வொரு தொகுதியிலும் ஒலிக்கும் பெயர் ஒன்றும் காணும் வடிவங்கள் மூன்றும் இருந்தன. குழந்தைகளுள் பெரும்பாலோரிடம் நான்கு உறுப்புகள் கொண்ட தொகுதிகள் உருவாயின. தொகுதி பெரிதாகப் பெரிதாக, கற்பிப்பதற்கும் விளைவதற்கும் உள்ள இடைவெளி விரிகிறது. மூன்று உறுப்புகளில் 2 தொடர்புகளைக் கற்பித்தால் 4 தாமாகத் தோன்றும். நான்கு உறுப்புகளில் 3 கற்பித்தால் 9 தோன்றும்.

விலங்குகளால் இயலுமா?

அதே 1982-இல் சிட்மனும் உடன் ஆய்வாளர்களும் ரீசஸ் குரங்குகள், பபூன் குரங்குகள், குழந்தைகள் ஆகியோரை ஒப்பிட்டனர். குழந்தைகளிடம் சமச்சீர் தோன்றியது, குரங்குகளிடம் தோன்றவில்லை. அ வந்தால் ஆ என்று பிழையின்றிக் கற்ற குரங்கு, ஆ வந்தபோது செய்வதறியாது தடுமாறியது. மொழி உடைய மனிதருக்கே இத்திறன் உரியது என்ற கருத்து வலுப்பெற்றது.

1993-இல் கலிஃபோர்னியாவின் சாந்தா குரூஸ் நகரில் ரொனால்ட் ஷூஸ்டர்மன், டேவிட் காஸ்டக் ஆகியோர், ரியோ என்ற பெண் கடற்சிங்கத்தைப் பற்றிய ஆய்வை வெளியிட்டனர். மொத்தம் 30 தொகுதிகளில், 12 தொகுதிகளைக் கொண்டு தலைகீழாகப் பொருத்துவதற்கும் கடந்து பொருத்துவதற்கும் பயிற்சி தரப்பட்டது. எஞ்சிய 18 தொகுதிகளில் ரியோ பயிற்சியின்றியே சமானச் சோதனைகளில் தேறியது. பல எடுத்துக்காட்டுகளால் வழி காட்டினால் விலங்கும் இதை எட்டலாம் என்பதற்கு இது சான்றாகக் கருதப்படுகிறது.

புறாக்களின் கதை மேலும் ஒரு பாடம் தருகிறது. பல ஆண்டுகள் அவை சமச்சீர்ச் சோதனையில் தோற்றன. வழக்கமான முறையில் மாதிரி நடுவிலும், தேர்வுகள் பக்கங்களிலும் தோன்றும். புறாவுக்கு நடுவில் உள்ள சிவப்பும் பக்கத்தில் உள்ள சிவப்பும் ஒரே தூண்டல் அல்ல. இடமும் தூண்டலின் ஒரு பகுதி. 2005-இல் ஆண்ட்ரியா ஃபிராங்க், எட்வர்ட் வாசர்மன் ஆகியோரும், 2008-இல் பீட்டர் உர்குயோலியும் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டும் முறையைக் கையாண்டபோது, புறாக்களிடமும் சமச்சீர் வெளிப்பட்டது. ஆய்வாளர் எதைத் தூண்டல் என்று கருதினாரோ, அது புறாவுக்குத் தூண்டலாக இருக்கவில்லை. குதிரை ஹான்ஸ் கற்றுத்தந்த பாடமே ஒரு நூற்றாண்டுக்குப் பின் மீண்டும் உறுதியானது.

மூன்று விளக்கங்கள்

சமானம் ஏன் தோன்றுகிறது என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. மூன்று விளக்கங்கள் முதன்மையானவை.

சிட்மனின் விளக்கத்தில், சமானம் என்பது வலுவூட்டலின் நேரடி விளைவு. அதற்கு மேல் பிரித்துக் காண இயலாத அடிப்படைப் பண்பு. மொழியால் சமானம் வருவதில்லை, சமானத்தால்தான் மொழி இயலுகிறது என்பது அவர் கருத்து.

பாலின் ஹார்ன், ஃபெர்கஸ் லோ ஆகியோர் 1996-இல் இதற்கு மாறான கருத்தை முன்வைத்தனர். குழந்தை பொருள்களுக்குப் பெயரிடக் கற்கிறது. ஒரே பெயரைப் பெற்றவை ஒரு தொகுதியாகின்றன. எனவே பெயரிடுதலே சமானத்தின் அடிப்படை என்பது அவர்கள் வாதம்.

ஸ்டீவன் ஹேஸும் அவரைச் சார்ந்தோரும் வளர்த்தெடுத்த தொடர்புச் சட்டகக் கோட்பாடு மூன்றாவது. ஒரு பொருளுக்கும் அதன் பெயருக்கும் உள்ள இருவழித் தொடர்பைக் குழந்தை ஆயிரக்கணக்கான எடுத்துக்காட்டுகள் வழியே பழகுகிறது. தொடர்புபடுத்துதலே அதற்கு ஒரு பொதுவான திறனாகிறது. ஈடு என்பது அத்தொடர்புகளில் ஒன்று. எதிர், பெரிது, சிறிது போன்றவையும் உண்டு.

இந்த விவாதம் குழந்தைகளைப் பாதிக்கக்கூடியது. 1986-இல் டெவனி, ஹேஸ், நெல்சன் ஆகியோர் நடத்திய ஆய்வில், மொழித்திறன் உடைய குழந்தைகளிடம், அறிவுசார் குறைபாடு இருந்தபோதும், சமானம் தோன்றியது. மொழித்திறன் இல்லாத குழந்தைகளிடம் தோன்றவில்லை. பேசாத குழந்தைக்கு இவ்வழி அடைபட்டது என்று இதற்குப் பொருள் கொள்ளும் ஆபத்து இருந்தது. ஆனால் மிகக் குறைந்த பேச்சே உடையவர்களிடமும், சோதனையைக் கவனமாக அமைத்தால் சமானம் தோன்றக்கூடும் என்று 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வொன்று காட்டியது.

அச்சமும் பகைமையும்

பொருளைப் பரப்பும் இதே வழியில் அச்சமும் பரவுகிறது. 1994-இல் மைக்கேல் டூகர் குழுவினர் கல்லூரி மாணவர்களிடம் பொருளற்ற வடிவங்களைக் கொண்டு சமானத் தொகுதிகளை உருவாக்கினர். பின்னர் ஒரு தொகுதியின் ஓர் உருவத்தை மட்டும் மெல்லிய மின்னதிர்ச்சியோடு இணைத்தனர். அதே தொகுதியின் பிற உருவங்களைக் கண்டபோதும், மின்னதிர்ச்சி ஒருமுறைகூட வராதிருந்தும், தோலின் மின்கடத்தல் மாற்றம் அச்சத்தைக் காட்டியது. நாயிடம் கடிபட்ட குழந்தை 'நாய்' என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவது எப்படி என்பதற்கு இது ஒரு விளக்கம். ஓர் உருவத்தின் அச்சத்தைப் போக்கினால் பிற உருவங்களின் மீதான அச்சமும் குறைந்தது என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

1991-இல் வட அயர்லாந்தில் நடந்த ஆய்வு சமூகத்தைத் தொட்டது. அங்கு குடும்பப் பெயரைக் கொண்டே ஒருவர் கத்தோலிக்கரா, புராட்டஸ்டன்டா என்று ஊகிப்பது வழக்கம். ஆய்வில் கத்தோலிக்கப் பெயர்கள் பொருளற்ற அசைகளோடும், அவ்வசைகள் புராட்டஸ்டன்ட் சின்னங்களோடும் இணைக்கப்பட்டன. இங்கிலாந்திலிருந்து வந்த பங்கேற்பாளர்கள் பெயரையும் சின்னத்தையும் எதிர்பார்த்தபடி இணைத்தனர். வட அயர்லாந்தினர் பலரால் இணைக்க இயலவில்லை. அவர்களிடம் முன்பே உறுதிப்பட்டிருந்த தொகுதிகள் புதிய தொகுதி உருவாவதைத் தடுத்தன. முன்கற்றல் புதிய கற்றலைத் தடுக்கும் என்பதற்கு இது தெளிவான எடுத்துக்காட்டு.

வகுப்பறையில்

சமானக் கற்றல் பல பாடங்களில் பயன்படுத்தப்பட்டுள்ளது. நாணயங்களின் மதிப்பு, பின்னம், தசமம், படம் ஆகியவற்றுக்கிடையேயான தொடர்பு, பிரெயில் எழுத்துகள் முதலியவை அவற்றுள் சில. பிரேசிலின் சாவ் கார்லோஸ் நகரில் ஜூலியோ டி ரோஸ், டெய்சி டி சௌசா ஆகியோர், பள்ளியில் வாசிப்பில் பின்தங்கிய குழந்தைகளுக்கு இம்முறையில் போர்த்துகீசியச் சொற்களைக் கற்பித்தனர். 1996-இல் வெளியான அவர்களது ஆய்வில், குழந்தைகள் கற்பித்த சொற்களைப் படித்ததோடு, அவர்களுள் சிலர் அச்சொற்களின் அசைகள் இடம்மாறி அமைந்த புதிய சொற்களையும் படித்தனர்.

ஆசிரியருக்கு இதிலிருந்து மூன்று நடைமுறை வழிகாட்டல்கள் கிடைக்கின்றன. ஒன்று, குழந்தைக்கு முன்பே தெரிந்த தொடர்புகள் எவை என்று முதலில் சோதிப்பது. இரண்டு, தெரிந்தவற்றோடு புதியதை இணைக்கும் மிகக் குறைந்த தொடர்பை மட்டும் கற்பிப்பது. மூன்று, கற்பிக்காத திசைகளிலும் சோதித்துப் பார்ப்பது. சொல் கேட்டு எழுத்தைக் காட்டும் குழந்தையிடம், எழுத்தைக் காட்டிப் பொருளைக் கேட்க வேண்டும்.

வரம்புகளும் உண்டு. 20 சொற்களைப் படிப்பது சரளமான வாசிப்பு ஆகாது. தனிச் சொற்களின் சமானம் ஒரு வாக்கியத்தின் பொருளை முழுமையாக விளக்கிவிடாது. எல்லோரிடமும் எல்லாச் சோதனைகளிலும் சமானம் தோன்றுவதும் இல்லை. பயிற்சியின் வரிசை, தேர்வுகளின் எண்ணிக்கை, சோதனையின் அமைப்பு ஆகியவை முடிவை மாற்றுகின்றன.

மதிப்பீடு

சிட்மன் 2019-இல், 96-ஆம் வயதில் மறைந்தார். தண்டனையாலும் அச்சுறுத்தலாலும் நடத்தையை ஆள்வதன் தீங்குகளை விளக்கி, 1989-இல் அவர் எழுதிய 'வற்புறுத்தலும் அதன் பின்விளைவுகளும்' என்ற நூல் பொதுமக்களுக்கானது. அவரது ஆய்வுகள் அனைத்திலும் ஓடும் இழை ஒன்றே. கற்பவர் கற்கவில்லை என்றால், கற்பித்தலின் எந்தப் படி விடுபட்டது என்று முதலில் தேட வேண்டும்.

1971-இன் சிறுவனுக்குக் கேட்கும் திறன் இருந்தது. பார்க்கும் திறன் இருந்தது. பொருள்களின் பெயர்கள் தெரிந்திருந்தன. அவனிடம் இல்லாதது, ஒலியிலிருந்து எழுத்துக்குச் செல்லும் ஒரு பாலம் மட்டுமே. 17 ஆண்டுகள் அந்தப் பாலத்தை யாரும் கட்டவில்லை. கட்டிய பிறகு, எஞ்சிய வழிகளை அவன் தானே கடந்தான்.